ஒரே பலகையில் புருஷனும் பெண்டாட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக் கரும்பலகையில் எழுதியதை ஈரத் துணியால் துடைத்தாகிவிட்டது. குணசேகரனின் நெஞ்சிலிருந்துதான் துடைக்க முடியவில்லை.

காரைக்கால் வில்வித்தைக் குழுவில் ஆண்களின் புள்ளிகளை எப்போதும் பலகையின் இடப்பக்கமும் பெண்களின் புள்ளிகளை வலப்பக்கமும் எழுதுவது வழக்கம். அன்றைக்குப் பார்த்துக் கைப்பந்துக்காரர்கள் வலப்பக்கம் முழுக்கத் தங்கள் ஆட்ட விவரத்தை எழுதி, 'அழிக்கக் கூடாது' என்று கீழே கோடும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பயிற்சி தரும் ஐயனார் மாஸ்டர் வம்புக்குப் போகிற ஆள் இல்லை. இருந்த பாதியில் எல்லோரையும் ஒரே வரிசையாக எழுதிவிட்டார்.

இரண்டாவது பெயர் ஜெயப்ரியா. ஆறாவது பெயர் குணசேகரன்.

இருவரும் புருஷன் பெண்டாட்டி என்பது அந்த மைதானத்து வேப்பமரத்துக்குக்கூடத் தெரியும்.

புதுச்சேரியில் நடக்கப்போகிற மாநிலத் தேர்வுக்குக் காரைக்காலிலிருந்து ஆண்கள் நால்வர், பெண்கள் மூவர். ஆண்களில் ஐந்தாவதாக வந்த குணசேகரனுக்கு இடமில்லை. பெண்களில் முதலாவதாக வந்த ஜெயப்ரியாவுக்கு உண்டு. ஆக, அவள் அவனுடைய இடத்தைப் பறிக்கவே இல்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்திருந்தாலும் அவன் ஐந்தாவதுதான். ஆனால் எதிர்ச்சாரிப் பூக்கடையில் கூட்டம் நின்றால் இந்தப் பக்கத்து இரும்புக்கடைக்காரருக்கு வயிறு எரிவதில்லையா? அந்த மாதிரி எரிச்சல் இது.

வெளிநாட்டு வில்லாக இருந்தால் தப்பித்திருப்பான். அதில் ஆண்களுக்குத் தொண்ணூறு மீட்டர் வரை உண்டு, பெண்களுக்கு எழுபதோடு சரி. 'அது வேற கணக்கு, இது வேற கணக்கு' என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவர்கள் இழுப்பதோ நம்மூர் மூங்கில் வில். இந்திய முறையில் இருவருக்கும் அதே தூரம், அதே இலக்கு, அதே காற்று. ஓடி ஒளிய ஒரு சந்துகூட இல்லை.

அந்த எரிச்சலோடுதான் சனிக்கிழமை காலை அவன் அம்மாவின் வலைக்கடையில் வந்து உட்கார்ந்தான். மாலையில் ஜெயப்ரியா வேனேற வேண்டும். மறுநாள் காலை தேர்வு.

அம்மா கனகாம்பாள் கோட்டுச்சேரிமேட்டில் மீன்கூடை தூக்கி வாழ்க்கையை ஆரம்பித்தவள். இன்றைக்கு மார்க்கெட் பக்கம் வலை, கயிறு, மிதவை என்று கடை நிறையச் சரக்கு. அவளிடம் விலை பேசி ஜெயித்தவர்கள் இரண்டு ரகம். ஒன்று, ஜெயித்ததாக நினைத்துக்கொண்டவர்கள். இன்னொன்று, இன்னும் கடைக்கு வராதவர்கள்.

பூவத்திலிருந்து வந்திருந்த ஒருத்தர் கயிற்றை முறுக்கிப் பார்த்தார். மிதவையை முழங்கையால் தட்டிப் பார்த்தார்.

"கயிறு என்ன விலைக்கா?"

"கயிறை அப்புறம் பேசுவோம். மேல தொங்குது பாரு பச்சை வலை, அதுதானே உனக்கு வேணும்? அதுக்குச் சொல்லவா?"

அவர் அசந்துபோனார். "நான் அதைத் தொடவே இல்லியேக்கா!"

"கைதானப்பா தொடல. கண்ணு அதுமேல எத்தினி வாட்டி போயிட்டு வந்துச்சு, நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

ஆள் சிரித்துக்கொண்டே பச்சை வலையை எடுத்துக்கொண்டு போனார். கயிறு வாங்கவே இல்லை.

பக்கத்து அத்தர்க்கடை காதர் பாட்சா டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். காலையில் யாரையாவது சீண்டாவிட்டால் அவருக்கு டீ இறங்காது.

"என்னா குணா, வூட்டுக்காரவுங்க பாண்டிக்குப் போறாங்களாமே? மாஷா அல்லா. ரெண்டாவதா வந்தாங்களாமுல்ல?"

"பொம்பளைங்கள்ல மொதோ எடம் பாய்."

"இல்லியே, ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஒரே லிஸ்ட்டுல ரெண்டாவதுன்னுல்ல சொன்னாங்க? நீங்க எத்தனாவது தம்பி?"

குணசேகரன் கல்லா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"சரி சரி," என்றார் காதர் பாட்சா, "ஒரு வூட்டுல ஒருத்தர் போனாப் போதும்." டீயை ரசித்துக் குடித்தபடி தன் கடைக்குப் போனார்.

கனகாம்பாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னாடா, மூஞ்சிய நனைஞ்ச வலை மாதிரி தொங்கப் போட்டிருக்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா ஒழுங்கா உக்காரு."

இங்கேதான் குணசேகரன் தன் வாழ்க்கையின் மட்டமான வியாபாரத்தைச் செய்தான். மனைவிமேல் சந்தேகம் என்று ஒரு புருஷன் சொன்னால் நம் ஊரில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. நாலு பேர் தோளில் கை போடுவார்கள், டீ வாங்கித் தருவார்கள். மனைவி எடுக்கிற புள்ளியைப் பார்த்து வயிறு எரிகிறது என்று சொன்னால், டீக்கடை பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் இருக்காது. உள்ளே இருந்த சரக்கு வயிற்றெரிச்சல். அதன்மேல் அவன் சந்தேகம் என்று சீட்டு எழுதி ஒட்டினான்.

"அவ பாண்டிக்குப் போறது எனக்குச் சரியாப் படலம்மா."

"ஏன்?"

"அந்த மாஸ்டரு... எந்நேரமும் இவளையே பாராட்டிக்கிட்டு இருக்காரு."

அவ்வளவுதான் சொன்னான். மிச்சத்தை அம்மா தானே நிரப்பிக்கொண்டாள். நேற்றுவரை மருமகளுக்குப் புளிசாதம் கட்டித் தருவதாக இருந்தவள், அளவுகோலைப் பெட்டிமேல் வைத்த சத்தத்தில் பாதி முடிவு தெரிந்தது.

"நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்."

கோவில்பத்து வீட்டில் ஜெயப்ரியா வில்லின் நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சிறகு வைத்த அம்புகள் கட்டிலில் வரிசையாகக் கிடந்தன. அவளுடைய வலதுகை விரல்களில் நாண் இழுத்துக் காய்ப்பு ஏறியிருந்தது. அந்த விரல்களை நாணில் முதன்முதலில் வைத்துக் காட்டியவன் குணசேகரன்தான். கல்யாணமான புதிதில் தண்ணீர் பாட்டில் கொடுக்க மைதானத்துக்கு வந்தவளை, 'சும்மா இழுத்துப் பாரு' என்றான். முதல் அம்பு இலக்கில் பட்டபோது ஊருக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தான். பின்னால் வருகிறவளைத் தட்டிக் கொடுப்பதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. அவள் முன்னால் போன பிறகுதான் கை எழவில்லை.

"சாப்பாடு எடுத்து வைக்கவாங்க?"

"நீ மெழுகு தேயி. அதுதானே முக்கியம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போன ஞாயித்துக்கெழமையிலேருந்து இப்படித்தான் பேசறீங்க."

"எப்படி?"

"இப்படித்தான்." மெழுகைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க வில்லு உங்களுக்குக் கனம். கடைசி ரவுண்டு வரப்போ தோளு நடுங்குது. கொஞ்சம் லேசான வில்லுக்கு மாறச் சொல்லி மாஸ்டரே சொன்னாருல்ல?"

"பொம்பளை வில்ல நான் இழுக்கணுமா?"

"வில்லுல ஏதுங்க ஆம்பளை, பொம்பளை? எடைதான் இருக்கு."

 அவன் அம்மாவைப் பேச்சுக்குள் இழுத்தான்.

"அம்மாவுக்கு நீ போறதுல இஷ்டமில்ல."

"அத்தைக்கா? நேத்து அவங்கதானே புளி ஊறப்போட்டாங்க?"

"அது நேத்து."

 அவள் அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அம்புக்கூட்டில் வைத்தாள். வழக்கத்தைவிட மெதுவாக.

மைதானத்தில் கடைசிப் பயிற்சி. ஐந்தாவது ஆள் என்பதால், யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் உதவட்டும் என்று குணசேகரனையும் வரச் சொல்லியிருந்தார் மாஸ்டர். அவன் வெள்ளைச் சிறகு அம்புகளோடு வந்து நின்றான். பக்கத்து இலக்கு ஜெயப்ரியாவுக்கு.

ஐயனார் மாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம் இருக்கிற மனிதர். பல்செட். யாரையாவது பாராட்டுவதற்கு முன்னால் அதை நாக்கால் ஒரு தள்ளு தள்ளி இடத்தில் உட்கார வைப்பார். பெண்கள் எல்லோரும் அவருக்குத் 'தாயே', ஆண்கள் எல்லோரும் 'ராசா'. "நல்லா விட்ட தாயே" என்பதற்குமேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததாக ஊரில் யாரும் கேட்டதில்லை.

முதல் விசில் ஊதுவதற்குள் ஓர் ஆட்டோ மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றது. குடையோடு கனகாம்பாள் இறங்கினாள்.

"ஐயனாருங்கறது யாரு?"

"நான்தாம்மா. வாங்க, உக்காருங்க."

கனகாம்பாள் ஒரு விநாடி தடுமாறினாள். ஆட்டோவில் அவள் மனதில் வரைந்துகொண்டு வந்த ஆளுக்குக் கறுத்த மீசையும் கூலிங்கிளாசும் இருந்தன. ஆனால் வழியெல்லாம் கட்டி வைத்த மூட்டை, அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

"என் மருமவ இன்னிக்கு வேன்ல வரமாட்டா."

"ஏம்மா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"என் மவனுக்கு உங்ககூட அனுப்ப இஷ்டமில்ல. ஏன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஜெயப்ரியாவின் தோழி நௌஷின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயப்ரியா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். புருஷனுக்கு அப்போதுதான் நாணில் ஏதோ முடிச்சு அவிழ்க்க வேண்டியிருந்தது.

மாஸ்டரின் பல்செட் அசையவே இல்லை.

"அப்படியா," என்றார். "எனக்கு மூணு பொண்ணும்மா. மூத்தவளுக்கு உங்க மருமவளைவிட வயசு கூட." குரல் இறங்கியது. "சரி. பயிற்சி முடியட்டும். உங்க மவனே வந்து அவரு வாயால என்கிட்ட சொல்லட்டும். அதுவரைக்கும் அந்த நாற்காலில உக்காருங்க."

விசில் ஊதினார்.

ஜெயப்ரியாவின் முதல் அம்பு இலக்கின் ஓரத்து வெள்ளையில் போய் விழுந்தது. பழகிய கண்ணுக்கு அது அவளுடைய அம்பே இல்லை. இரண்டாவது அம்பை எடுத்தவள் இழுக்காமல் இறக்கினாள். மூச்சு விட்டாள். மறுபடி இழுத்தாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. பச்சைச் சிறகுகள் ஒவ்வொன்றாக நடு மஞ்சளுக்கு நெருங்கிப் போய் நின்றன.

பிளாஸ்டிக் நாற்காலியில் கனகாம்பாள் தன் தொழிலை ஆரம்பித்தாள். முதலில் மாஸ்டரைப் பார்த்தாள். அந்த மனுஷர் இலக்குகளைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், இடையில் ஒருதடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் பார்வை ஒருதரம்கூட மருமகள் பக்கம் தங்கவில்லை.

பிறகு மகனைப் பார்த்தாள்.

சந்தேகப்படுகிற புருஷன் யாரைப் பார்ப்பான்? அந்த ஆளைப் பார்ப்பான். இல்லையென்றால் பெண்டாட்டியைப் பார்ப்பான். குணசேகரன் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பெண்டாட்டியின் நாண் 'டம்'மென்று அதிரும்போதெல்லாம் அவன் கண் அவளுடைய இலக்குக்கு ஓடியது. அம்பு மஞ்சளில் நின்றால் அவன் முகம் சுருங்கியது. சற்று விலகினால் தோள் தளர்ந்தது. பிறகுதான் தன் அம்பை எடுத்தான்.

கனகாம்பாள் குடையை மடக்கினாள். காலையில் வந்த பூவத்துக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

கடைசி அம்பு. எல்லோரும் விட்டு முடித்தாயிற்று. ஜெயப்ரியாவும் குணசேகரனும் பாக்கி. கனமான வில்லை அவன் தாடைவரை இழுத்துப் பிடித்திருந்தான். தோள் நடுங்கியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் 'டம்' என்றது. ஜெயப்ரியாவின் பச்சைச் சிறகு நட்டநடு மஞ்சளில். அவன் கண் போயிற்று. கண்ணோடு இடுப்பு திரும்பியது. இடுப்போடு வில் திரும்பியது. விரல் விட்டுவிட்டது.

அம்பு அழகாகப் போனது. இந்த வருஷம் அவன் விட்டதிலேயே அதுதான் நல்ல அம்பு. போய் நின்ற இடம்தான் தப்பு. ஜெயப்ரியாவின் இலக்கில், அவளுடைய பச்சைச் சிறகுக்கு ஒட்டினாற்போல், வெள்ளையாக நின்றது.

 நௌஷினால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே! அது அண்ணி டார்கெட்டுண்ணே!"

மைதானம் சிரித்தது. கூடைப்பந்துக்காரர்கள் கைதட்டினார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பத்துதான் ராசா," என்றார். "ஆனா உனக்கு சைபர்."

ஜெயப்ரியா இலக்குக்குப் போனாள். பச்சைச் சிறகுகளைப் பிடுங்கினாள். வெள்ளையைக் கடைசியாகப் பிடுங்கினாள். குணசேகரன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அம்பைத் தன் கூட்டிலேயே செருகிக்கொண்டு நடந்துவிட்டாள்.

கனகாம்பாள் மகனை வேப்பமரத்தடிக்கு அழைத்தாள்.

"ஏண்டா, அந்த ஆளுமேல உனக்குச் சந்தேகமா?"

"அது வந்தும்மா..."

"அவரு மூஞ்சிய நீ ஒருவாட்டி பாக்கல. பெண்டாட்டி மூஞ்சியையும் பாக்கல. அவ டார்கெட்ட மட்டும்தான் பாத்துக்கிட்டு நின்ன. உன் அம்பே போயி சாட்சி சொல்லிடுச்சு. என்கிட்டயே மாத்துச் சரக்கு விக்கறியா?"

அவன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினான்.

"மீன் யாவாரத்துல எனக்கு இல்லாத பொறாமையாடா? பக்கத்துக்காரி கூடை காலியானா எனக்கும்தான் எரியும். அதுக்காக அவ நடத்தைய ஒருநாளும் நான் பேசினதில்ல. என் வாயாலயே பேச வெச்சுட்டியே!"

அவள் நேரே மாஸ்டரிடம் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன விலையைத் தானே குறைத்துக்கொள்ளப் போனாள்.

"தப்பாப் பேசிட்டேங்க. மன்னிச்சுக்குங்க. அவளைக் கூட்டிட்டுப் போங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னது இத்தினி பேரு காதுல விழுந்தாச்சும்மா. இனிமே நான் கூட்டிட்டுப் போனா அது வேற பேச்சாவும். என் பொண்ணுங்களும் இந்த ஊர்லதான் இருக்கு. புருஷன் கூட வரட்டும். வந்தா ஏத்திக்கறேன். வரலன்னா அடுத்த பொண்ணு போவும்."

சந்தேகப்பட்ட புருஷன் காவலுக்குப் போக வேண்டும். பெண்டாட்டியின் வில்லைத் தூக்கிக்கொண்டு, அவள் விடுகிற ஒவ்வோர் அம்பையும் நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவன் தலையில் கட்ட இதைவிடப் பொருத்தமான மூட்டை வேறு இல்லை.

"வர்றேன்," என்றான் குணசேகரன், பொதுவாக எங்கேயோ பார்த்து.

ஜெயப்ரியா பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "என்னான்னு வருவீங்க?"

"புருஷன்னு."

"காவல்காரன்னு நெனைப்பாங்க. போற வழியெல்லாம் அந்த வேன்ல இருக்கிற அத்தனை பேரும் என்னைய ஒருமாதிரி, சாரை ஒருமாதிரி பாப்பாங்க. அப்படின்னா நான் ஏறமாட்டேங்க. இடம் போனாப் போவட்டும்." இப்போது நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க பொறாமைப்படறது எனக்கு அன்னிக்கே தெரியும். அது சரியாப்போவும்னு இருந்தேன். அதை மறைக்க என் பேரையா எடுத்தீங்க?"

விளக்கு வைக்கிற நேரத்தில் வேன் மைதான வாசலில் வந்து நின்றது. ஆண்கள் நால்வரும் ஏறினார்கள். நௌஷினும் இன்னொரு பெண்ணும் ஏறினார்கள். ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் மாஸ்டர். ஜெயப்ரியா பையோடு கீழே நின்றாள். கனகாம்பாள் வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத் தூக்கோடு கொஞ்சம் தள்ளி நின்றாள். 

குணசேகரன் வில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். படியில் ஒரு காலை வைத்தான். உள்ளே இருந்த அத்தனை கண்ணும் அவன்மேல்.

"சார்."

"என்ன ராசா."

"அம்மாகிட்ட நான் சொன்னது பொய் சார். உங்கமேல ஒண்ணுமில்ல. அவமேலயும் ஒண்ணுமில்ல."

"பின்ன?"

 வெளியே வந்த குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"அவ பாயிண்டப் பாத்தா எனக்கு வயிறு எரியுது சார்."

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அன்றைய பலகையில் ஜெயப்ரியாவுக்குக் கீழே மூன்றாவதாக வந்தவர் மட்டும், ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானது இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாஸ்டர் பல்செட்டை ஒரு தள்ளு தள்ளினார். "இதைச் சொல்றதுக்கு என்னைய எதுக்குய்யா நடுவுல நிக்கவெச்ச? ஏறு."

ஜெயப்ரியா அத்தையிடமிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு ஏறி, நௌஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குணசேகரனுக்குக் கடைசி வரிசையில், வில் மூட்டைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. வேன் நகர்ந்தது. வயிற்றெரிச்சல் இறங்கிவிட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தான். இல்லை. சரக்கு அப்படியேதான் இருந்தது. சீட்டு மட்டும் இப்போது சரியாக ஒட்டியிருந்தது.

பூவம் தாண்டும்போது எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. முன்னால் கொக்கியில் ஜெயப்ரியாவின் அம்புக்கூடு ஆடிக்கொண்டிருந்தது. பச்சைச் சிறகுகளுக்கு நடுவே ஒற்றை வெள்ளை.

"ஜெயா," என்றான் மெதுவாக. "என் அம்பு உன்கிட்ட இருக்கு."

"தெரியும்."

"குடுத்துடேன்."

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி, ஆடுகிற கூட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது என் டார்கெட்டுல வந்து விழுந்ததுங்க. என்ன செய்யறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."